‘புரியவில்லை’ என்று வேலை போன இயக்குநர்: செய்ஜுன் சுசுகியும் ‘பிராண்டட் டு கில்’ படமும்

1968 ஏப்ரல் 25 அன்று ஜப்பானிய இயக்குநர் செய்ஜுன் சுசுகிக்கு நிக்காட்சு படக் கம்பெனியிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் கம்பெனித் தலைவர் அல்ல, ஒரு செயலாளர். இந்த மாதம் உங்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதுதான் சேதி. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனிக்குச் சுமார் நாற்பது படம் எடுத்துக் கொடுத்த மனிதரை இப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என்ன ஏது என்று கேட்கப் போன இரண்டு நண்பர்களிடம் தலைவர் கியூசாகு ஹோரி மறைக்காமல் காரணம் சொன்னார். சுசுகி எடுக்கும் படங்கள் புரியவில்லை. காசும் பார்க்கவில்லை. வேறெந்தக் கம்பெனியும் அவரை எடுத்துக்கொள்ளப் போவதில்லை, எனவே இயக்குநர் தொழிலையே அவர் விட்டுவிடலாம்.

தகராறின் மையத்தில் இருந்தது அதற்குப் பத்து மாதம் முன்பு, 1967 ஜூன் 15-ல் வெளியான ஒரு படம். ஜப்பானில் அதன் பெயர் ‘கொரோஷி நோ ராக்குயின்’. உலகம் அதை ‘பிராண்டட் டு கில்’ என்ற பெயரில் அறியும். கறுப்பு வெள்ளை, அகலத்திரை, 91 நிமிடம். கூலிக்குக் கொலை செய்யும் ஒருவனின் கதை.

இந்த விவகாரத்தைக் கலைஞனுக்கும் வியாபாரிக்கும் நடந்த சண்டையாகச் சொல்வதுதான் வழக்கம். சொல்வதற்கும் கேட்பதற்கும் சௌகரியமான கதை அது. ஆனால் படத்தையும் அது தயாரான விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஹோரிக்குப் புரியாமல் போன அந்தப் பாணி கம்பெனிக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. கம்பெனியின் அவசரமும் சிக்கனமும் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுக்கச் சொன்ன பிடிவாதமும் சேர்ந்து வளர்த்த பாணி அது.

கம்பெனி நடந்த விதம்

நிக்காட்சு 1912-ல் தொடங்கிய நிறுவனம். போர்க்காலத்தில் அதன் தயாரிப்புப் பிரிவு வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுக் கைவிட்டுப் போனது. தயாரிப்பை மறுபடி தொடங்கியது 1954-ல்தான். அப்போது அதற்கு ஆட்கள் வேண்டியிருந்தது. மற்ற கம்பெனிகளில் உதவி இயக்குநர்களாக வரிசையில் நின்றுகொண்டிருந்த இளைஞர்களுக்குக் கூடுதல் சம்பளமும் சீக்கிரம் இயக்குநர் ஆகலாம் என்ற நம்பிக்கையும் காட்டி இழுத்தது. ஷோச்சிக்கு கம்பெனியில் 1948 முதல் உதவி இயக்குநராக இருந்த சுசுகியும் அப்படி வந்தவர்தான். இரண்டே வருடத்தில், 1956-ல், முதல் படம் கைக்கு வந்தது.

அன்றைய ஜப்பானில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் போடுவது நடைமுறை. முதன்மைப் படத்துக்குப் பெரிய நடிகர், பெரிய செலவு. கூடவே ஓடும் இரண்டாவது படத்துக்கு மிச்சம் மீதி. சுசுகி இந்த இரண்டாவது படங்களின் இயக்குநர். கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏறக்குறைய கிடையாது. கம்பெனி ஒரு திரைக்கதையைக் கொடுக்கும், அதை எடுக்க வேண்டும். முன்வேலைக்குச் சில நாள், படப்பிடிப்புக்கு 25 நாள், எடிட்டிங், ஒலி எல்லாம் சேர்த்துப் பின்வேலைக்கு மூன்று நாள். வருடத்துக்கு மூன்று நான்கு படம் இப்படிப் போகும்.

கதைகளும் ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்தவை. ஒரு ரவுடிக் கும்பல், அதற்கு எதிர்க்கும்பல், நடுவில் ஒரு நல்ல ரவுடி, அவன்மேல் ஆசைப்படும் கிளப் பாடகி, துரோகம், கடைசியில் துப்பாக்கிச் சண்டை. பார்க்க வருகிறவனுக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். எடுப்பவனுக்குத் தெரியாமல் இருக்குமா? முதன்மைப் படமும் அதே ரகமாக இருந்துவிட்டால், இரண்டாவதாக ஓடுகிற தன் படம் யார் நினைவில் நிற்கும்? சுசுகியின் கவலை இதுதான். அதனால்தான் கதையை விட்டுவிட்டு, சொல்லும் விதத்தில் கை வைக்கத் தொடங்கினார்.

1963-ல் வந்த ‘கான்டோ வாண்டரர்’ படத்தில் நாயகன் வாளை வீசி முடிக்கும் நொடியில் சுற்றியிருந்த காகிதக் கதவுகள் சரிந்து விழ, பின்னணி முழுவதும் செக்கச் சிவப்பாகிறது. அங்கே ஏன் சிவப்பு என்று கதைக்குள் ஒரு காரணமும் இல்லை. கபுகி நாடக மேடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காரணம் தேவையும் இல்லை. இந்த மாதிரி வேலைகளில் அவருக்கு வலது கையாக இருந்தவர் கலை இயக்குநர் தாகெயோ கிமுரா. 1966-ன் ‘டோக்கியோ டிரிஃப்டர்’ வரும்போது இருவரும் முழு வேகத்தில் இருந்தார்கள். மஞ்சள் கிளப், வெளிர்நீல கோட்டு சூட்டுப் போட்ட நாயகன், வெறும் வெள்ளையாக விரிந்து கிடக்கும் கடைசிச் சண்டைத் தளம். கம்பெனி முகம் சுளித்தது. அடக்கி வாசிக்கும்படி எச்சரிக்கையும் வந்தது. அடுத்து வந்த ‘ஃபைட்டிங் எலிஜி’யும் அதற்கடுத்த ‘பிராண்டட் டு கில்’லும் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை. வண்ணத்தைப் பிடுங்கினால் ஆள் அடங்கிவிடுவார் என்று யாராவது நினைத்திருந்தால் ஆளைச் சரியாகக் கணிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திரைக்கதை வந்த வழி

இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குற்றச்சாட்டின் வேர் இங்கே இருக்கிறது. வெளியீட்டுத் தேதி முதலிலேயே முடிவாகிவிட்டது. கையில் இருந்த திரைக்கதை கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. கடைசி நேரத்தில் சுசுகியைக் கூப்பிட்டு, திருத்தி எழுதி நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். இரண்டு தடவை படித்த பிறகுதான் எனக்கே புரிந்தது என்று ஹோரி அப்போதே சொல்லியிருக்கிறார். அப்படியானால் இதை விட்டுவிடலாமே என்று சொன்னவர் சுசுகி. முடியாது, எடுங்கள் என்று உத்தரவிட்டது கம்பெனி. ஆக, புரியாது என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு கதையைக் கட்டாயப்படுத்தி எடுக்கவைத்துவிட்டு, புரியவில்லை என்று ஆளை வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

எழுத்தாளர் பெயராகத் திரையில் வருவது ‘ஹாச்சிரோ குரியு’. அப்படி ஒரு ஆள் கிடையாது. சுசுகியும் கிமுராவும் அத்சுஷி யமதோயா, யோசோ தனாகா, சூசெய் சோனே முதலிய இளைஞர்களும் சேர்ந்த எட்டுப் பேர் குழுவின் புனைபெயர் அது. எட்டுப் பேர் கூடி எழுதியதாலோ என்னவோ, ஒவ்வொரு கொலையும் தனித்தனி ஆள் போட்ட பந்தயம் போல இருக்கிறது.

முழுக் காட்சித் திட்டத்தையும் முன்னரே வரைந்துவைக்கும் பழக்கம் சுசுகிக்குக் கிடையாது. முந்தின இரவு தோன்றியது, படப்பிடிப்புத் தளத்தில் தோன்றியது என்று எடுத்துக்கொண்டே போவார். ஆனால் ஃபிலிமை வீணாக்க மாட்டார். போருக்குப் பிந்தைய வருடங்களில் ஷோச்சிக்குவில் வேலை பார்த்தபோது ஃபிலிம் சுருளுக்கே பஞ்சம். தேவையான ஷாட்டை மட்டும் எடுக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. ‘பிராண்டட் டு கில்’ படத்தை முத்சுவோ தஞ்சி ஒரே நாளில் எடிட் செய்து முடித்தார். வெட்டி எறிய அதிகம் இல்லையே! பின்வேலைகள் முடிந்தது ஜூன் 14-ல். மறுநாள் படம் தியேட்டரில்.

இந்த ஒரு விவரம்தான் படத்தின் திறவுகோல் என்பது என் எண்ணம். சாதாரண ஆக்‌ஷன் படத்தில் ஒருவன் ஒரு கட்டடத்துக்குப் போக வேண்டுமென்றால் கார் வரும், நிற்கும், அவன் இறங்குவான், மாடிப்படி ஏறுவான், கதவைத் திறப்பான். சுசுகி இதில் நடுவில் உள்ளதை எடுப்பதே இல்லை. ஒரு ஷாட்டில் இங்கே இருப்பவன் அடுத்த ஷாட்டில் அங்கே இருக்கிறான். எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறான், இடையில் எவ்வளவு தூரம், பகலா இரவா என்பதைப் பார்ப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆக்‌ஷன் படத்தில் கலையைக் கொண்டுவந்து ஒட்டினார் என்று சொல்வதைவிட, ஆக்‌ஷன் படத்திலிருந்து விளக்கத்தைக் கழித்துவிட்டார் என்பது பொருத்தம். மிஞ்சியது உடம்பும் துப்பாக்கியும் வெளிச்சமும் சத்தமும்தான். அவை தனியாக நிற்கும்போது ஓவியம் போலத் தெரிகின்றன.

படத்துக்குள்

நாயகன் கோரோ ஹனாடா, கொலைகாரர்கள் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருப்பவன். நடித்தவர் ஜோ ஷிஷிடோ. சாதாரண அழகான முகத்தோடு இருந்தால் பத்தோடு பதினொன்றாகிவிடுவோம் என்று 1950-களிலேயே அறுவைச் சிகிச்சை செய்து கன்னங்களை உப்ப வைத்துக்கொண்டவர். இந்தப் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான முகம் கிடைத்திருக்காது. குளிர்கண்ணாடி, கறுப்பு சூட்டு, மேலே அணில் கன்னம். மிரட்டலாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது.

இவனுக்கு ஒரு பலவீனம். வேகும் சோற்றின் வாசனை மூக்கில் ஏறினால்தான் ஆசை கிளம்பும். வேலை முடித்து வந்ததும் சோறு வடி என்று மனைவியை விரட்டுகிறான். குக்கர் மூடியைத் திறந்து, ஆவிக்குள் முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடி நிற்கிறான். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டபோது, அவன் ஜப்பானியக் கொலைகாரன். இத்தாலியனாக இருந்தால் மக்ரோனியை முகர்ந்திருப்பான் என்ற ரீதியில் சுசுகி பதில் சொன்னார். பெரிய தத்துவம் தேடிப் போகிறவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில்கள் எல்லாம் இந்த ரகம்தான். ஆனால் கேலிக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. மேல்நாட்டுப் படங்களின் கூலிக் கொலையாளி பசி, தூக்கம், ஆசை எதுவும் இல்லாத எந்திரம். அதே சூட்டையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டு, அவனைச் சோற்றுப் பானை முன் மண்டியிட வைத்ததும் அந்தக் கம்பீரம் முழுக்க நொறுங்கிவிடுகிறது.

ஹனாடாவுக்கு வரும் கொலை வேலைகள்தான் படத்தின் உச்சம். ஒருவனை, சுழன்று திறந்து மூடும் ராட்சத சிகரெட் லைட்டர் விளம்பரப் பலகைக்குப் பின்னாலிருந்து சுடுகிறான். லைட்டர் திறக்கும் அந்தக் கணத்தில் குண்டு போக வேண்டும். இன்னொருவன் கண் மருத்துவன். அந்தக் காட்சியை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். மருத்துவன் கழுவுதொட்டிமேல் குனிகிறான். ஹனாடா இருப்பது கீழ்த்தளத்தில். தொட்டியின் கழிவுநீர்க் குழாயைக் கழற்றி, அதன் வழியாகவே மேல்நோக்கிச் சுடுகிறான். தண்ணீர் போகிற ஓட்டை வழியாகக் குண்டு வருகிறது. கதவை உடைக்கவில்லை, காவலாளியோடு சண்டையில்லை, துரத்தல் இல்லை. ஒரு குழாய், ஒரு முகம், ஒரு சத்தம். அரை நிமிடத்தில் முடிந்துபோகும் காட்சி. இதையே சம்பிரதாயமாக எடுத்திருந்தால் பத்து நிமிடம் பிடித்திருக்கும், மறுநாள் மறந்தும் போயிருக்கும். அடுத்த கொலை முடிந்ததும் அவன் தப்பிப்பது ஜன்னலுக்கு வெளியே மிதக்கும் விளம்பரப் பலூனில் தொற்றிக்கொண்டு.

பிறகு அவன் வாழ்க்கை கவிழும் இடம். மிசாகோ என்ற பெண் ஒரு வெளிநாட்டுக்காரனைக் கொல்லும் வேலையைக் கொடுக்கிறாள். ஹனாடா குறிபார்க்கிறான். பட்டாம்பூச்சி ஒன்று பறந்து வந்து துப்பாக்கியின் குறிக்கருவிமேல் உட்கார்ந்து பார்வையை மறைக்கிறது. குறி தப்பி, சம்பந்தமில்லாத ஆள் செத்துவிழுகிறான். தொழிலில் ஒரு முறை தவறினால் அவ்வளவுதான், இனி அவனைக் கொல்ல ஆள் வரும். குண்டும் வெடியும் நிறைந்த ஒரு படத்தில் நாயகனை வீழ்த்துவது ஒரு பூச்சி. கைதட்டத் தோன்றும் இடம்.

மிசாகோவாக நடித்தவர் அன்னு மாரி. தந்தை இந்தியர், தாய் ஜப்பானியர். கொட்டும் மழையில் கூரையில்லாத காரை ஓட்டிக்கொண்டு அறிமுகமாகிறாள். காரின் கண்ணாடியில் செத்த பறவை ஒன்று தொங்குகிறது. வீட்டுச் சுவர் முழுக்க ஊசி குத்திய பட்டாம்பூச்சிகள். சாக வேண்டும் என்பது தவிர அவளுக்கு வேறு ஆசையே இல்லை. ஒளிப்பதிவாளர் கசுவே நகத்சுகா அவள் வரும் காட்சிகளையெல்லாம் ஈரமும் நிழலுமாகவே நிரப்பியிருக்கிறார். எதிர்ப்பக்கம் ஹனாடாவின் மனைவி மாமி. அவள் இருக்கும் வீட்டில் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மாமி பெரும்பாலும் உடையில்லாமல்தான் திரையில் வருகிறாள். அலறுகிறாள், கெஞ்சுகிறாள், செத்துப்போகிறாள். கவர்ச்சி வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. அதை சுசுகி கேலிசெய்கிறார் என்று சிலர் வாதாடுவார்கள். இருக்கலாம். ஆனால் கேலி எங்கே முடிகிறது, அனுபவிப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும் ஒரு ஷாட்டாவது எனக்குத் தென்படவில்லை. மாரிகோ ஒகாவா அத்தனை வேகத்தோடு நடித்தும் அந்தப் பாத்திரம் வெறும் உடம்பாகவே நின்றுவிடுகிறது.

முதலாம் எண்

கடைசி மூன்றில் ஒரு பகுதிக்கு வரும்போது படம் வேறொன்றாகிவிடுகிறது. தரவரிசையில் முதலிடத்தில் இருப்பவன், யாரும் முகம் அறியாத ‘முதலாம் எண்’, ஹனாடாவைக் கொல்ல வருகிறான். உடனே கொல்லாமல் வீட்டை முற்றுகையிடுகிறான். போன் செய்து எச்சரிக்கிறான். அப்புறம், நம்ப மாட்டீர்கள், ஹனாடாவின் வீட்டிலேயே குடிவந்துவிடுகிறான். இருவரும் ஒருவரையொருவர் கண்பார்வையிலிருந்து விடக்கூடாது என்பதால் கை கோத்துக்கொண்டு சாப்பிடப் போகிறார்கள், கழிப்பறைக்கும் போகிறார்கள். முதலாம் எண் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான். காவல் கலையக்கூடாது என்பதற்காக இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கிறான். தொழில் பயிற்சியாம்!

கோஜி நன்பாரா அந்த வேடத்தை முகத்தில் ஒரு கோடு அசையாமல் செய்திருக்கிறார். எதிரிகள் இருவர் கணவன் மனைவி போல ஒரு வீட்டில் அடைந்து கிடக்கும் இந்தப் பகுதி ஆக்‌ஷன் படத்தின் கடைசிச் சண்டை என்ற சம்பிரதாயத்தை நீட்டி நீட்டி, அது எவ்வளவு அபத்தம் என்று காட்டுகிறது. ஆனாலும் உண்மையைச் சொன்னால் இழுவையாகத்தான் இருக்கிறது. நகைச்சுவை முதல் ஐந்து நிமிடத்திலேயே பிடிபட்டுவிடும், படம் அதற்குப் பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. குழாய்க் கொலையை அரை நிமிடத்தில் முடித்த கை இங்கே ஏன் தளர்ந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. நல்லவேளையாக, ஆளில்லாத குத்துச்சண்டை அரங்கில் நடக்கும் முடிவு எல்லாவற்றையும் மீட்டுவிடுகிறது. நான்தான் சாம்பியன் என்று கத்திக்கொண்டே தள்ளாடும் ஹனாடாவுக்குப் பட்டம் கிடைத்ததா இல்லையா என்பதைப் படம் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

சாவு இந்தப் படத்தில் ஏன் இவ்வளவு வேடிக்கையாக இருக்கிறது? சுசுகியின் போர் அனுபவத்தில் பாதிப் பதில் இருக்கிறது. 1943-ல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டவர், கப்பல் மூழ்கிக் கடலில் தத்தளித்தவர். மீட்க வந்த கப்பலில் ஆட்களைக் கயிறு கட்டி மேலே தூக்கியபோது தலை இரண்டு பக்கமும் மோதி மோதி வீங்கியதையும், செத்தவர்களைக் கொம்பு ஊதி ஒவ்வொருவராகக் கடலில் போட்டதையும் பின்னாளில் பேட்டிகளில் சிரிப்பு வரும்படிதான் விவரித்தார். அங்கே போனவர்களுக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது என்பது அவர் கட்சி. அப்படிப் பார்த்தவர் ரவுடி படத்துச் சாவுக்குச் சோக வயலின் வாசிக்கச் சம்மதிப்பாரா?

வழக்கு

வேலைநீக்கத்தோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது. கசுகோ கவகிதா நடத்திய திரைப்படச் சங்கம் 1968 மே மாதம் சுசுகியின் 37 படங்களைத் திரையிடத் திட்டமிட்டிருந்தது. ஹோரி படப்பிரதிகளைத் தர மறுத்தார். அவருடைய படங்கள் எல்லாமே புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டன. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் புரிகிற படம் எடுக்கும் கம்பெனி என்ற பெயர் தங்களுக்கு வேண்டாம், அவற்றைத் திரையிடுவது தங்களுக்கு அவமானம் என்பது கம்பெனியின் வாதம். இயக்குநர் சங்கத் தலைவராக இருந்த மூத்த இயக்குநர் ஹெய்னோசுகே கோஷோ நேரில் போய்ப் பேசியும் பலனில்லை.

ஜூன் 7 அன்று சுசுகி வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தை மீறியதற்கும் தனக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் சேர்த்து 73,80,000 யென் கேட்டார். கூடவே மாணவர்கள், விமர்சகர்கள், இயக்குநர்கள், நடிகர்கள் சேர்ந்து ஒரு கூட்டுப் போராட்டக் குழு அமைத்துத் தெருவில் ஊர்வலம் போனார்கள். 1968 என்ற வருடத்தையும் மறந்துவிடக் கூடாது. டோக்கியோ பல்கலைக்கழகங்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ரவுடிப் படம் எடுக்கும் 45 வயது சம்பளக்காரர் ஒருவர், தானே எதிர்பாராமல், அதிகாரத்தை எதிர்ப்பவர்களின் கொடியாகிவிட்டார். இரண்டாவது படமாக ஓடி மறந்துபோயிருக்க வேண்டியவற்றை ‘பார்த்தே ஆக வேண்டியவை’ ஆக்கியதில் ஹோரியின் தடைக்கும் பங்குண்டு.

வழக்கு மூன்றரை வருடம் நடந்தது. 1971 டிசம்பர் 24-ல் சமரசம். சுசுகிக்குப் பத்து லட்சம் யென், ஹோரியின் பகிரங்க மன்னிப்பு. ‘ஃபைட்டிங் எலிஜி’, ‘பிராண்டட் டு கில்’ ஆகிய இரண்டும் டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்பட மையத்துக்கு நன்கொடையாகத் தரப்பட்டன. கேட்ட தொகையில் ஏழில் ஒரு பங்குகூட வரவில்லை. ஆனால் கம்பெனியின் நிலைமை அதற்குள் படுமோசமாகியிருந்தது. சமரசத்துக்குச் சில வாரம் முன்புதான், 1971 நவம்பரில், வழக்கமான படங்களை விட்டுவிட்டு ‘ரோமன் போர்னோ’ என்ற பெயரில் மலிவுச் செலவுப் பாலியல் படங்களுக்கு மாறியிருந்தது. புரிகிற படங்களும் அதைக் காப்பாற்றவில்லை என்றுதானே அர்த்தம்? எட்டுப் பேர் குழுவில் இருந்த சூசெய் சோனே அந்தப் புதிய வரிசையில் முக்கிய இயக்குநரானார், யோசோ தனாகா எழுத்தாளரானார் என்பது இன்னொரு வேடிக்கை.

ஹோரியின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். படம் காசு பார்க்கவில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. தொலைக்காட்சி வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போன காலத்தில், தியேட்டருக்கு வருகிறவனுக்குக் கொடுக்கும் பொருளைப் பற்றி ஒரு முதலாளி பயப்படுவது இயல்பு. ஆனால் எடுக்கச் சொன்னவரும் அவர், அவசரப்படுத்தியவரும் அவர், திட்டத்தை ஒப்புக்கொண்டவரும் அவர். எழுதிய ஒப்பந்தம் இருந்தவரை போனில் நீக்கிவிட்டுத் தொழிலைவிட்டே விரட்டப் பார்த்ததுதான் வழக்கில் அவரைக் கீழே தள்ளியது.

பிறகு

பெரிய கம்பெனிகள் சுசுகிக்குக் கதவைச் சாத்திவிட்டன. பத்து வருடம் திரைப்படம் இல்லை. தொலைக்காட்சி, விளம்பரம், கட்டுரைகள் என்று காலம் ஓடியது. 1977-ல் ஷோச்சிக்கு மூலம் திரும்பி வந்தார், அந்தப் படம் ஓடவில்லை. 1980-ல் ‘ஜிகொய்னர்வைசன்’. தியேட்டர்கள் எடுக்க முன்வராததால் தயாரிப்பாளர் கென்ஜிரோ அராதோ காற்றடைத்த கூடாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டார். கூட்டம் வந்தது, ஜப்பானிய அகாடமியின் சிறந்த படம் விருதும் வந்தது. அதன் ஒளிப்பதிவும் அதே நகத்சுகாதான்.

‘பிராண்டட் டு கில்’ கடல் தாண்டிப் போக இன்னும் கொஞ்சகாலம் பிடித்தது. ஜிம் ஜார்முஷ் 1999-ல் எடுத்த ‘கோஸ்ட் டாக்’ படத்தில் கழுவுதொட்டிக் குழாய்வழிக் கொலை அப்படியே வருகிறது. துப்பாக்கிக் குறிக்கருவிமேல் பட்டாம்பூச்சிக்குப் பதில் ஒரு பறவை உட்காருகிறது. ஒளித்துச் செய்த திருட்டல்ல, வெளிப்படையான வணக்கம். 2001-ல் சுசுகியே ‘பிஸ்டல் ஓபரா’ என்ற பெயரில் இந்தக் கதையின் தொடர்ச்சி போன்ற ஒன்றை எடுத்தார். 2017 பிப்ரவரியில் தமது 93-வது வயதில் சுசுகி காலமானார். ஷிஷிடோ 2020 ஜனவரியில் போனார்.

புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு என் யோசனை இது. நேராக ‘பிராண்டட் டு கில்’லில் இறங்க வேண்டாம். முதலில் 1963-ன் ‘யூத் ஆஃப் த பீஸ்ட்’ பாருங்கள். அதே ஷிஷிடோ, கதை ஒழுங்காகப் புரியும், குறும்பு அங்கங்கே எட்டிப்பார்க்கும். அடுத்து ‘டோக்கியோ டிரிஃப்டர்’. ஒரு ரவுடிப் படத்தின் வழக்கமான எலும்புக்கூடு மனதில் பதிந்த பிறகு இந்தப் படத்துக்கு வந்தால், எந்தெந்த எலும்பை அவர் உருவி எடுத்திருக்கிறார் என்று தானாகத் தெரியும். முதல் முறை பார்க்கும்போது யார் யாரைச் சுட்டான், வைரக் கடத்தலில் யாருக்கு என்ன பங்கு என்று கணக்குப் போடாதீர்கள், அந்தக் கணக்கு இரண்டாம் முறையில் தானே நேராகிவிடும். சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். நவோசுமி யமமோத்தோவின் இசை ஏதோ மட்டமான மதுக்கடையில் ஒலிப்பது போல இருந்துகொண்டே பல காட்சிகளின் இடைவெளியை நிரப்பிவிடுகிறது. ‘பிஸ்டல் ஓபரா’வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லா வசதியும் கிடைத்தபின் எடுத்த படம் அது, கண்ணுக்கு நிறைய இருக்கிறது, ஆனால் மூன்று நாளில் முடித்தாக வேண்டும் என்று யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிகிறது.